"உங்க வீட்டு மண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு, டீச்சர்!"

(ஆலங்காயம் ஒன்றியத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில், வளாகப் பராமரிப்பு குறித்து காவலூர் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி வளாகத்தைப் பசுமையாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசச் சொல்லி எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நான் செய்திருக்கக் கூடிய தவறுகளையெல்லாம் முதலில் என் வீட்டு வாசலில்தான் செய்து முடித்தேன். அதனால் பள்ளி தப்பித்தது.

காவலூர் என்றதும் வெளியூர் ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தொலைநோக்கி இருக்கிற ஊர்தானே?" என்பதுதான். ஆமாம், அதே ஊர்தான். 1960-களின் இறுதியில் வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். 1986 ஜனவரி 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. ஆய்வகத்தின் வளாகம் மட்டும் சுமார் நூறு ஏக்கர். ஆனால் நான் இன்று பேசப் போவது வானத்தைப் பற்றி அல்ல. காலுக்குக் கீழே இருக்கிற ஐந்து சென்ட் மண்ணைப் பற்றி.

மாறுதலில் காவலூருக்கு வந்தபோது ஒரு வாடகை வீடு கிடைத்தது. வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் காலியிடம், சரிவான நிலம். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். "தோட்டத்தை உங்க இஷ்டப்படி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். நான் சமவெளியில் பிறந்து வளர்ந்தவள். அந்த இடத்தைப் பார்த்தபோது என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் புதர்தான். ஆவாரை, தும்பை, குப்பைமேனி, நாயுருவி, நடுநடுவே உண்ணிச்செடி. குறுக்கே மூன்று வரிசையாகப் பழைய கற்கள் வேறு, பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து கிடந்தன. பாம்பு வரும் என்று பயம். பார்ப்பவர்கள் டீச்சர் வீடு இப்படியா இருக்கிறது என்று சொல்வார்களே என்ற கூச்சம் வேறு.

கீழே நகரத்திலிருந்து தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரை வரவழைத்தேன். அவர் இடத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். கைப்பேசியில் அழகழகான படங்களைக் காட்டினார். "ரெண்டே நாள்ல கிளீன் பண்ணிடலாம் மேடம்" என்றார். 38,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

சொன்ன சொல் தவறவில்லை. இரண்டே நாளில் முடித்துவிட்டார். பொக்லைன் வந்து அரை அடி மண்ணை வழித்து எடுத்தது. குறுக்கே கிடந்த கற்களைப் பெயர்த்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே கொரியன் புல்லைப் பாய் மாதிரி விரித்தார்கள். வேலியோரம் வரிசையாகக் கோனோகார்பஸ் செடிகள் நட்டார்கள். மிச்சமிருந்த களைகளுக்கு ஏதோ மருந்து தெளித்தார்கள். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் என் வாசல் படத்தில் பார்த்தது போலவே பச்சைப் பசேலென்று இருந்தது. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அக்டோபரில் ஓர் இரவு கனமழை பெய்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் என் வகுப்பில் ஒரு மாணவி வரவில்லை. விடுப்பே எடுக்காத பிள்ளை. மூன்றாம் நாள் வந்தாள். "ஏம்மா ரெண்டு நாளா வரல? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அவள் தயங்கினாள். பிறகு, கோபமும் இல்லாமல் புகாரும் இல்லாமல், கணக்கு விடையைச் சொல்வது போலச் சொன்னாள்:

"உங்க வீட்டு மண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு, டீச்சர்."

அவள் வீடு என் வீட்டுக்குக் கீழே, சரிவில் மூன்றாவது வீடு. அன்று மாலையே போய்ப் பார்த்தேன். சிவந்த சேறு அவர்கள் வாசல் முழுக்கப் படிந்திருந்தது. அறுத்துக் கட்டி வைத்திருந்த சாமைக் கட்டுகளின் அடிப்பகுதி நனைந்து கறுத்திருந்தது. சவ்வாது மலையில் சாமை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டின் ஒரு வருட உழைப்பு அது. மாணவியும் அவள் அம்மாவும் இரண்டு நாளாகச் சேற்றை அள்ளிக் கொட்டி, கட்டுகளைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். கட்டுகளுக்கு நடுவே என் கொரியன் புல்லில் ஒரு துண்டும் கிடந்தது.

வகுப்பில் மண் அரிப்புப் பாடத்தை அதே மாதம்தான் நடத்தி முடித்திருந்தேன்.

அந்த ஒரு இரவில் நடந்தது என்ன என்பதை ஒரு கணக்காகச் சொல்கிறேன். இதை நீங்கள் ஆறாம் வகுப்பிலேயே போட வைக்கலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அதாவது, ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீரைச் சரிவின் மேலிருந்து திறந்துவிட்டதற்குச் சமம். முன்பு அந்தத் தண்ணீரைச் செடிகளின் இலை தாங்கியது, வேர் பிடித்தது, குறுக்கே கிடந்த கல் நிறுத்தியது. மூன்றையும் பணம் கொடுத்து அகற்றியவள் நான்.

மாணவியின் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார். "அந்தக் கல்லு எங்கப்பா காலத்துல போட்டதுங்க டீச்சர். அப்ப அது சாமைக் கொல்லை. கல்ல எடுத்தா தண்ணி நிக்காது." அவ்வளவுதான் சொன்னார்.

நனைந்துபோன சாமைக்கு உரிய தொகையை அந்த வாரமே கொடுத்தேன். வாங்க மறுத்தார்கள். மருமகளிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். பிறகு பெரியவரிடம், "ஐயா, நீங்க ஒரு நாள் வந்து கொஞ்சம் பாருங்களேன், எப்படிச் சரி பண்றதுன்னு" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "வேலைக்குக் கூப்பிடறீங்களா டீச்சர், ஒத்தாசைக்குக் கூப்பிடறீங்களா?"

நண்பர்களே, இன்றைக்கு நான் பேச வந்ததே இந்தக் கேள்வியைப் பற்றித்தான். நகரத்து ஒப்பந்தக்காரரிடம் நான் முதலில் பேசியது பணத்தை. பத்து நிமிடம் பார்த்தவருக்கு 38,000 ரூபாய் கொடுக்கத் தயங்கவில்லை. அறுபது வருடமாக அந்த மண்ணைப் பார்த்தவரிடம் "கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன். கூலி என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். பேத்தி படிக்கிற வகுப்பின் ஆசிரியை கூப்பிடுகிறார். மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியுமா? பணம் என்ன தருவீர்கள் என்று கேட்க முடியுமா? நாம் சாதாரணமாகக் கேட்கும் உதவி, பெற்றோர் காதில் கட்டளையாக விழக் கூடும். அவர் துணிந்து கேட்டதால் எனக்குப் புரிந்தது. கேட்காமல் வந்து செய்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ!

"வேலைக்குத்தான் கூப்பிடறேன் ஐயா. கூலி என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் என்றார். அவரும் அவருடைய மருமகளும் வருவதாகப் பேச்சு. என் மனதில் இருந்த பழைய கணக்கு அங்கேயும் தலைகாட்டியது. "அக்காவுக்கும் எழுநூறா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் அதே கல்லத்தான் தூக்கப் போறேன் டீச்சர்." சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதைப் பாடமாக நடத்துகிறவள்தான் நானும்.

இனி அவர்கள் செய்த வேலையைச் சொல்கிறேன். இது உங்களில் பலருக்கு நேரடியாகப் பயன்படும்.

முதல் நாள் மண்வெட்டியே எடுக்கவில்லை. மழை வருகிற நேரமாகப் பார்த்து, கொங்காணி மாதிரி ஒரு சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார் பெரியவர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்தில் ஒரு குச்சி நட்டார். மழை நின்றபோது என் வாசலில் முப்பது குச்சிகள் நின்றன. தண்ணீரின் வரைபடம் அது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாள் கூலி உண்டு என்று நானே சொன்னேன். பார்ப்பதும் வேலைதான்.

அடுத்த ஐந்து நாட்களில் சரிவுக்குக் குறுக்கே மூன்று கல் வரிசைகளைத் திரும்ப அமைத்தார்கள். பெரிய கல் கீழே, சிறியது மேலே, இடுக்குகளில் பொடிக்கல். சிமெண்ட் கிடையாது. "தண்ணிய அடைக்கக் கூடாது டீச்சர், நிதானிக்க வைக்கணும்" என்றார். ஒவ்வொரு வரிசைக்கும் மேல்புறத்தில் வெட்டிவேர் நட்டார்கள். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் ஆழமாக நேரே இறங்கும், மண்ணைத் தைத்தது போலப் பிடித்துக்கொள்ளும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு உறிஞ்சுகுழி எடுத்து, அடியில் பெருங்கல்லும் மேலே சரளையும் மணலும் நிரப்பினார்கள். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். அந்த வீட்டில் குழாய் மட்டும் இருந்தது. குழி தூர்ந்து போயிருந்தது. வருடம் ஒரு முறை, மழைக்கு முன்னால், மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். நம் பள்ளிகளிலும் இதைப் போய்ப் பாருங்கள்.

கோனோகார்பஸை வேரோடு எடுத்தார்கள். வேகமாக வளர்ந்து பச்சையாக நிற்கிறது என்பதற்காக ஊர் ஊராக நட்ட அயல்நாட்டுச் செடி அது. சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் ஆகாது என்று 2023-இல் குஜராத் அரசும், 2025-இல் தமிழ்நாடு அரசும் அதை நடுவதற்குத் தடை விதித்துவிட்டன. அந்த இடத்தில் புங்கம் ஒன்று, நெல்லி ஒன்று, சீத்தா இரண்டு வைத்தோம். எதுவும் சுவரிலிருந்து பத்தடிக்குள் இல்லை. வேலியில் அவரையும் பீர்க்கனும் ஏற்றிவிட்டார் அந்த அக்கா.

களையெடுப்பதில்தான் எனக்கு அதிகப் பாடம் கிடைத்தது. நான் எல்லாவற்றையும் களை என்றேன். அவர்கள் எதையும் மொத்தமாகக் களை என்று சொல்லவில்லை. தும்பையை விட்டார்கள், தேனீ வரும் என்று. கீழாநெல்லியையும் துளசியையும் ஓர் ஓரமாகச் சேர்த்து நட்டார்கள். ஆனால் உண்ணிச்செடியை மட்டும் விடவில்லை. வெட்டினால் தழைத்துவிடும் என்று கடப்பாரை போட்டு வேரோடு கிளப்பினார்கள். அதுவும் அயல்நாட்டிலிருந்து பூவுக்காகக் கொண்டுவரப்பட்டு, நம் மலைக்காடுகளையே மூடிக்கொண்ட செடிதான். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கினார்கள். பூத்த பிறகு பிடுங்கினால் விதை கொட்டும். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

களைக்கொல்லி பற்றி ஒரு வார்த்தை. கடையில் கேட்டால் பெரும்பாலும் கிளைபோசேட் கலந்த மருந்தைத்தான் கொடுப்பார்கள். 2022-இல் மத்திய அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே தெளிக்க வேண்டும் என்று அறிவித்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற பள்ளி வளாகத்தில் அதற்கு இடமே இல்லை. களைக்கொத்து போதும்.

பாம்பு பயம் எனக்குப் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் தமிழ்நாட்டில் உள்ளவையே. அதற்குத் தோட்டம் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை என்றார் பெரியவர். சுவரை ஒட்டி மூன்றடிக்கு மட்டும் தரை தெரியும்படி வைத்தார். விறகு, ஓடு, செங்கல் குவியல்களை வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கச் சொன்னார். சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். குவியலைப் பிரிக்கும்போது முதலில் கையை விடாமல் கம்பை விட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன விதிகள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்; கடித்துவிட்டால் வேறெங்கும் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்பதை நான் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்கிறேன்.

சருகைக் கொளுத்தும் வழக்கத்தையும் நிறுத்தினேன். மூன்றடிக் குழியில் சருகு, மேலே கொஞ்சம் சாணக் கரைசல், மேலே மண். சில மாதங்களில் எருவாகிவிடுகிறது. வழித்துப் போன அரை அடி மேல்மண்ணை நான் விலைக்கு வாங்க முடியாது. அந்த அளவு மண் இயற்கையாக உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். சருகு மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவே.

ஆறு நாள், இரண்டு பேர், 8,400 ரூபாய். அதன் பிறகு மாதம் ஒரு நாள் இருவரும் வந்து பார்த்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டோம். அடுத்த அக்டோபர் மழையில் என் வீட்டு மண் என் வீட்டிலேயே இருந்தது. அன்று இரவு இரண்டு முறை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கீழே போன தண்ணீர் கொஞ்சம்தான், அதுவும் தெளிவாகப் போனது.

இப்போது பள்ளிக்கு வருவோம். நம் பள்ளிகளில் மூலிகைத் தோட்டம், காய்கறித் தோட்டம், மரம் நடுவிழா எல்லாம் நடக்கின்றன. நட்ட அன்று படம் எடுக்கிறோம். அடுத்த வருடம் அதே குழியில் வேறு கன்று நடுகிறோம். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்த இயக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். நட்டதற்காக அல்ல, கன்று பிழைத்து நின்றதற்காக. நாமும் ஒரு நாள் நடுவதற்குச் செய்யும் செலவைப் பன்னிரண்டு மாதப் பராமரிப்புக்குப் பிரித்து வைத்தால் மரம் நிற்கும்.

அந்தப் பராமரிப்புக்கு ஆள் வைக்கும்போது எங்கள் பள்ளியில் நாங்கள் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளூர் ஆளைத் தேடுங்கள். காவலூரில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் வேறு யாராவது இருப்பார்கள். தோட்டக்காரர் என்ற பெயரே அவர்களுக்கு இருக்காது. யார் வீட்டு வேலியில் அவரை நன்றாகக் காய்க்கிறது, யார் கொல்லையில் வரப்பு கலையாமல் இருக்கிறது என்று பாருங்கள். அவர்தான் ஆள்.

இரண்டாவது, கூலியை முதலிலேயே பேசுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். கல் அடுக்குவதும் நீரோட்டம் பார்ப்பதும் திறன் வேலை. அந்த ஊரில் கொத்தனாருக்கு என்ன கொடுப்பீர்களோ அதை ஒட்டி இருக்கட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, என்ன வேலை, எத்தனை நாள், என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது அவர்களை நம்பாமல் செய்வதல்ல. பிறகு நாம் "இதையும் கொஞ்சம் பண்ணிடுங்க" என்று கூட்டிக்கொண்டே போகாமல் நம்மையே தடுத்துக்கொள்வதற்கு.

நான்காவது, பள்ளி வேலைக்குப் பெற்றோரில் ஒருவரை வைத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் எழுதுங்கள். வாய்ப்பைப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சும்மா செய்து தருகிறேன் என்று சொன்னாலும், பேசிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் பெற்றோரின் வேலைக்கும் முடிச்சு விழ இடம் கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது, பிள்ளைகளை வேலையாள் ஆக்காதீர்கள். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். அம்மாவோடு வந்து கூடை தூக்குகிறாள் என்றால், அவளை வகுப்புக்கு அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு. தோட்டத்தில் பிள்ளைகள் விதை போடட்டும், அளக்கட்டும், வரையட்டும். புதர் வெட்டுவதும் குழி தோண்டுவதும் பெரியவர்கள் வேலை.

ஆறாவது, வேலை செய்பவருக்குக் கையுறை, காலணி, குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல் கொடுங்கள். உச்சி வெயிலில் வேலை வேண்டாம். டீ கொடுக்கும்போது நாம் குடிக்கிற அதே டம்ளரில் கொடுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள்.

இதில் பாடம் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். மூன்று வெப்பமானிகளை மாலை நேரத்தில் சிமெண்ட் தரையில், வெறும் மண்ணில், மர நிழலில் என மூன்று இடத்தில் வைத்து எட்டாம் வகுப்பினரை அளக்கச் சொன்னோம். சூரியன் மறைந்து வெகு நேரமாகியும் சிமெண்ட் தரை மட்டும் சூட்டை விடாமல் வைத்திருந்தது. அந்தச் சூடு இரவெல்லாம் மேலே எழும்பும்போது காற்று நடுங்கும். காற்று நடுங்கினால் அதன் வழியே வரும் நட்சத்திர ஒளியும் நடுங்கும். வானியலாளர்களுக்கு அது பெரிய தொல்லை. தொலைநோக்கிகளை உயரமான கட்டடத்தில் தரையைவிட்டு மேலே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே ஆய்வக வளாகம் ஏன் சிமெண்ட் மைதானமாக இல்லாமல் காடாக இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டான். பிள்ளைகளே பேசிப் பேசி விடைக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

அதே பாடத்தின் தொடர்ச்சியாக என் வாசல் விளக்கையும் மாற்றினேன். ஒப்பந்தக்காரர் மரத்தைப் பார்த்து மேல்நோக்கி ஒளி வீசும் விளக்கைப் பொருத்தியிருந்தார். காவலூர் போன்ற ஊரில் மேலே போகிற ஒளி ஒவ்வொன்றும் இருட்டைக் கொஞ்சம் கெடுக்கிறது. இப்போது மூடி போட்ட மஞ்சள் விளக்கு, கீழ்நோக்கி, நடக்கிற வழிக்கு மட்டும். பூச்சிகள் மொய்ப்பதும் குறைந்துவிட்டது.

பெரியவர் இப்போது எங்கள் பள்ளிக்கு வருடத்தில் நான்கு முறை வருகிறார். இரண்டு முறை வேலைக்கு, இரண்டு முறை வகுப்புக்கு. வகுப்புக்கு வரும் நாளுக்கும் அதே நாள் கூலியை ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து கொடுக்கிறோம். முதல் முறை வந்தபோது வகுப்பறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார வைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. குச்சி நட்டுத் தண்ணீர் பார்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா சொன்ன ஒரு சொல் மற்ற பிள்ளைகளுக்குப் புரியாதபோது எழுந்து நின்று விளக்கம் சொன்னாள்.

வேலை தேடி மலையை விட்டு இறங்குகிற குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களோடு பிள்ளைகளும் போய்விட்டால் வருகைப் பதிவேட்டில் நாம் போடுகிற குறியும் நமக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் தோட்ட வேலை அதையெல்லாம் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரில் ஆசிரியர்கள், செவிலியர், அலுவலர் என்று பத்து வீடு இருந்தால், பத்து வாசலும் ஒரு பள்ளியும் சேர்ந்தால், இரண்டு பேருக்காவது ஊரிலேயே நிலையான வேலை ஆகும். வெளியூருக்குப் போகிற 38,000 ரூபாயை ஊருக்குள்ளேயே செலவழித்தால் போதும்.

முடிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மழையன்று, இடைவேளையில், குடையோடு பள்ளி மைதானத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். நம் வளாகத்துத் தண்ணீர் எங்கே போகிறது, யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஊரில் மண் தெரிந்த ஒருவரிடம் போய், "வேலைக்குத்தான் கூப்பிடறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பேசுங்கள்.